முதல்முறை பச்சோந்தி முட்டைகளை அடை வைத்த அனுபவம்

கோழி முட்டை 21 நாளில் பொரிந்துவிடும். ஏமன் பச்சோந்தியின் முட்டைக்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதம்வரை வேண்டும். அவ்வளவு காலமும் ஒரு சின்னப் பெட்டிக்குள் சூடும் ஈரமும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்க வேண்டும். அதற்கான வேலையில் பெரும்பகுதி, முட்டை பெட்டிக்குள் போவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். உள்ளே போன பிறகு நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், செய்யக்கூடாதது நிறைய. முதல்முறையாக அடை வைத்துக் குஞ்சுகளைப் பார்த்த பிறகு, இனி வைக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருக்கும் இந்த ஏமன் பச்சோந்தியைத்தான் வளர்ப்பவர்கள் 'வெய்ல்டு' என்று சொல்வார்கள். ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும் இதன் தாயகம். தலைமேல் உயரமான கொண்டை இருக்கும். மடகாஸ்கரைச் சேர்ந்த பாந்தர் பச்சோந்திக்கு வெப்பக் கணக்கு வேறு, அதனால் இங்கே சொல்வதை அப்படியே அதற்குப் பொருத்திவிட வேண்டாம். இன்னொன்று: வெய்ல்டு வகை, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் 2ஆம் இணைப்பில் உள்ளது. வைத்திருக்கவோ பெருக்கவோ உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். காட்டில் பிடித்த விலங்கை இந்த வேலைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

பெட்டி செய்வதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு தாய் ஒரே தடவையில் 20 முதல் 70 முட்டைவரை இடும். அத்தனையும் பொரிந்தால் அத்தனைக்கும் தீனி, கூண்டு, விளக்கு, பிறகு நல்ல வீடு. அது முடியாது என்றால் முடிந்த அளவு முட்டைகளை மட்டும் அடை வைத்து, மீதியை இட்ட உடனேயே உறையவைத்துவிடுவதுதான் பொறுப்பான வழி. இட்ட சமயத்தில் கரு மிகமிகத் தொடக்க நிலையில்தான் இருக்கும், உறுப்பு என்று எதுவும் உருவாகியிருக்காது. வளர்ந்த குஞ்சுகளைப் பட்டினி போடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். நான் அப்படித்தான் செய்தேன். இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன்.

தாய் சினையாக இருப்பதை நிறமே காட்டிக்கொடுக்கும். இளம் பச்சை போய் அடர்ந்த கரும்பச்சை வரும்; அதன்மேல் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் தெரியும். ஆண் அருகில் வந்தால் வாயைத் திறந்து சீறும். இணை சேர்ந்து மூன்று நான்கு வாரத்தில் முட்டையிடும். அந்தக் கடைசி நாட்களில் தீனியைக் குறைத்துக்கொண்டு, கூண்டின் தரையில் இறங்கி அலைய ஆரம்பிக்கும். அதற்கு முன்பே முட்டைத் தொட்டி கூண்டுக்குள் இருக்க வேண்டும். கழுவிய மணலும் மண்ணும் கலந்து, குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பிய தொட்டி அது. ஒரு கை மண்ணை எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. விரலால் குடைந்தால் குழி இடியாமல் நிற்க வேண்டும். அவள் சுரங்கம் தோண்டித்தான் முட்டையிடுவாள்; மண் இடிந்துகொண்டே இருந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

தோண்டத் தொடங்கிய பிறகு எட்டிப் பார்க்காதீர்கள். கூண்டை ஒரு துணியால் மறைத்துவிடுங்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் பாதியில் நிறுத்திவிடும் விலங்கு இது. முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டால் முட்டை தங்கிப்போய்த் தாய் செத்தே போகலாம். தரையில் சோர்ந்து படுத்துக்கொண்டு, பகலிலும் கண்ணை மூடிக்கொண்டு, முட்டையும் இடாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால், முட்டையிட்டு, குழியை மூடி, மேல்மண்ணைக் கால்களால் அமுக்கிச் சமன் செய்துவிட்டு, உடம்பெல்லாம் மண்ணோடு ஒட்டிய வயிறுமாக மேலே வருவாள். முதலில் அவளுக்கு நீண்ட நேரம் தண்ணீர் தெளியுங்கள், சுண்ணாம்புச்சத்துத் தூள் தூவிய பூச்சி கொடுங்கள். முட்டைகள் சில மணி நேரம் அந்த ஈர மண்ணிலேயே இருக்கலாம், ஒன்றும் ஆகாது.

முட்டையை எடுக்கும்போது கரண்டி, கொத்து எதுவும் வேண்டாம். விரலாலும் மெல்லிய தூரிகையாலும் மண்ணை ஒதுக்கினாலே போதும். ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும், வெள்ளையாக, தோல் போன்ற ஓட்டோடு. எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கத்தில் மென்மையான பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். பேனா மை வேண்டாம், ஓடு உறிஞ்சும்.

அந்தப் புள்ளி எதற்கு? கோழி முட்டையைக் கோழி நாள்தோறும் உருட்டும். ஊர்வன முட்டையை உருட்டவே கூடாது. பறவை முட்டைக்குள் மஞ்சள்கருவைத் தாங்கிப் பிடிக்கும் முறுக்கிய நாண் இரண்டு பக்கமும் உண்டு. இதில் அது கிடையாது. கரு மேல்பக்கம் வந்து, அதன் சவ்வுகள் ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிற்பாடு புரட்டினால் சவ்வு கிழியலாம், கரு மூச்சுமுட்டலாம். இட்ட முதல் நாளில் ஒரு முட்டை உருண்டுவிட்டால் பெரிதாகக் கலங்க வேண்டாம், கரு அப்போது தொடக்க நிலைதான். ஆனால் அன்றே புள்ளி வைத்துவிட்டால் அப்புறம் எந்தக் குழப்பமும் இல்லை.

இனி பெட்டி. முட்டைக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா, அதை வைக்க ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி. டப்பாவுக்குள் வெர்மிகுலைட் நிரப்ப வேண்டும். இது சூட்டில் பொரித்த ஒரு கனிமம். தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கொடுக்கும், அழுகாது. இதில் தண்ணீர் கலப்பதில்தான் முதல்முறை வைப்பவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எடைக்கு எடை கலக்க வேண்டும்: 100 கிராம் வெர்மிகுலைட்டுக்கு 80 முதல் 100 கிராம் தண்ணீர். கோப்பைக்குக் கோப்பை அளந்து ஊற்றினால் கதை முடிந்தது. வெர்மிகுலைட் அவ்வளவு லேசு. ஒரு லிட்டர் அளவே நூற்றுச் சொச்சம் கிராம்தான் வரும். அதில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றினால் முட்டை மூழ்கிக் கெடும். ஆகவே சமையலறை டிஜிட்டல் தராசு கட்டாயம். கலந்ததைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், அதற்கு மேல் வரக்கூடாது.

விரலால் சின்னச் சின்னப் பள்ளம் செய்து, முட்டையின் பாதி உள்ளே, பாதி வெளியே தெரிய, புள்ளி மேலே இருக்கும்படி வைத்தேன். இடையில் ஒரு விரல் அகலம் இடைவெளி. முட்டை பிற்பாடு ஊதிப் பெருக்கும், அதற்கு இடம் வேண்டும். ஒன்று கெட்டுப் பூஞ்சணம் பிடித்தாலும் பக்கத்து முட்டையைத் தொடாது. டப்பாவின் மூடியில் ஊசியால் இரண்டு மூன்று துளை போட்டால் போதும்.

அப்புறம் நான் செய்தவற்றிலேயே மிகப் பயன்பட்டது என்று ஒரு வேலையைச் சொல்வேன். எல்லாம் அடுக்கி மூடிய டப்பாவை அப்படியே தராசில் வைத்து, வந்த எடையை மூடியிலேயே எழுதிவிட வேண்டும். முட்டை தண்ணீரை உறிஞ்சிப் பெருத்தாலும் அந்தத் தண்ணீர் டப்பாவுக்குள்தானே இருக்கிறது, மொத்த எடை மாறாது. எடை குறைந்தால், ஆவியாகி வெளியே போன தண்ணீர் அத்தனை கிராம் என்று அர்த்தம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்து, குறைந்த கிராம் அளவுக்கு மட்டும், பெட்டிச் சூட்டிலேயே இருக்கும் தண்ணீரை ஓரத்தில் விட வேண்டும், முட்டைமேல் படக்கூடாது. கெட்ட முட்டை ஒன்றை எடுத்தால் உடனே மறுபடி நிறுத்துப் புது எடையை எழுதிக்கொள்ள வேண்டும். ஈரம் போதுமா போதாதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது, பயத்தில் கொஞ்சம் தெளித்து வைப்பது, இந்த இரண்டுக்கும் இதற்கப்புறம் வேலையே இல்லை. காய்ந்து செத்த முட்டைகளைவிட அன்பு மிகுந்து நனைத்துக் கெட்ட முட்டைகள்தான் அதிகமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ். 26 அருகில் நின்றால் மனதுக்கு நிம்மதி. ராத்திரி ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் பாதகம் இல்லை, மண்ணுக்கடியிலும் அப்படித்தானே நடக்கும். மேலே ஏறுவதுதான் ஆபத்து. 30ஐத் தாண்டி நிற்க விடக்கூடாது. சூடு கூடினால் சீக்கிரம் பொரியும் என்று ஆசைப்படுவது தவறு. சீக்கிரம் வரும் குஞ்சு சின்னதாக, பலவீனமாக வரும், அல்லது உள்ளேயே போய்விடும்.

தெர்மாகோல் பெட்டியின் பக்கச் சுவரில் ஹீட் பேடை, அதாவது மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பைப் பொருத்தினேன். அடியில் வைத்தால் டப்பாவின் அடி காய்ந்து, ஈரமெல்லாம் மேலேறி, மூடியில் வியர்த்து முட்டைமேலேயே சொட்டும். காலியிடத்தில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்கினேன். மின்சாரம் போனாலும் சூடு சட்டென்று இறங்காது, வந்தாலும் சட்டென்று ஏறாது. சூட்டைப் பார்த்துத் தானாகவே மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் பேடை ஓட்டவே கூடாது. அதன் உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாமல், முட்டை இல்லாத இன்னொரு டப்பாவில் அதே ஈர வெர்மிகுலைட் போட்டு அதற்குள் புதைத்தேன். முட்டை உணர்கிற சூடு அதுதான். காற்றின் சூடு நொடிக்கு நொடி ஆடும், அதை வைத்துத் தெர்மோஸ்டாட் ஓடினால் சரியாக வராது. இதோடு, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதிவுசெய்யும் வெப்பமானி ஒன்று தனியாக வேண்டும். தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

முட்டை வைப்பதற்கு முன் ஒரு வாரமாவது பெட்டி காலியாக ஓடட்டும். என் பெட்டி முதல் நாட்களில் ஒரு மூலையில் இரண்டு டிகிரி அதிகம் காட்டியது. டப்பாவின் இடத்தை மாற்றி, இடையில் ஒரு பாட்டிலை நகர்த்தியதில் சரியாகிவிட்டது. முட்டை உள்ளே இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பதைவிட முன்பே கண்டுபிடிப்பது எவ்வளவோ நல்லது.

அறையே வெயில் காலத்தில் 30ஐத் தாண்டும் என்றால் தெர்மோஸ்டாட் உதவாது, அதற்கு அணைக்கத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. வீட்டின் நடுப்பகுதியில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் கீழ்த்தட்டில் வெப்பமானியை வைத்துச் சில நாள் பாருங்கள். அறையைவிட அங்கே குறைவாகவும் நிலையாகவும் இருக்கும். அதுவும் போதாவிட்டால், பெல்டியர் முறையில், அதாவது மின்சாரம் பாயும் சின்னத் தகட்டால் குளிரவைக்கும் சின்னப் பெட்டி ஒன்றைத் தெர்மோஸ்டாட்டோடு இணைத்து ஓட்டலாம். ஐஸ் பாட்டில் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஏற்ற இறக்கம் மிகக் கூர்மையாகிவிடுகிறது. மாறாக, ஆண்டு முழுக்க 22க்கும் 27க்கும் இடையில் நிற்கும் அலமாரி உங்களிடம் இருந்தால் ஹீட் பேடே வேண்டாம். கருவி குறையக் குறையப் பழுதாகும் பொருளும் குறையும்.

அடுத்த இரண்டு மாதம் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். உண்மையிலேயே வெளியில் தெரியும்படி எதுவும் நடப்பதில்லை. பெரும்பாலான பல்லிகள் முட்டையிடும்போது கரு ஓரளவு உருவம் பெற்றிருக்கும். வெய்ல்டு பச்சோந்தியின் கருவோ இட்ட பிறகும் வாரக்கணக்கில் அந்த ஆரம்பக் கட்டத்திலேயே மிக மெதுவாக நகர்கிறது. அதனால் இட்ட ஒரு மாதத்தில் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்து, ரத்தநாளம் தெரியவில்லை, எல்லாம் கூமுட்டை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உயிருள்ள முட்டையும் அப்போது வெறும் வெளிர்மஞ்சளாகத்தான் ஒளிரும். மூன்று மாதத்தை ஒட்டி, சின்ன எல்.இ.டி. டார்ச்சை முட்டையின் பக்கவாட்டில் தொட்டு வைத்துப் பாருங்கள். முட்டையைத் தூக்க வேண்டியதே இல்லை. இளஞ்சிவப்பு ஒளிக்குள் நூல் நூலாகச் சிவப்பு நாளங்கள் ஓடுவதை முதன்முதலாகப் பார்த்தபோது அறையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு தடவை பார்த்தால் போதும், வாராவாரம் பார்க்க வேண்டாம்.

கூமுட்டை தானாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும். மஞ்சளாகி, பழுப்பாகி, உள்ளே அமுங்கி, பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் பிடித்து நாறும். அதை எடுத்துப் போட்டுவிடலாம். ஆனால் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும் முட்டையில் ஒரு சின்னப் பூஞ்சணப் புள்ளி என்றால் எடுத்து எறிய வேண்டாம். உலர்ந்த பஞ்சுக்குச்சியால் மெல்லத் துடைத்துவிட்டு அப்படியே விடுங்கள். பூஞ்சணம் பெரும்பாலும் செத்த முட்டையைத்தான் தின்னும், உயிருள்ள முட்டை தாங்கி நிற்கும். என் டப்பாவில் ஒரு முட்டை அழுக்காக, கறையோடு கடைசிவரை இருந்தது. அதிலிருந்து வந்ததும் நல்ல குஞ்சுதான்.

வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து ஒரு விசிறு விசிறி மூடினேன். உள்ளே வளரும் உயிருக்கு ஆக்சிஜன் வேண்டும், கடைசி மாதங்களில் இன்னும் அதிகமாக. மூடியின் உட்புறம் கோத்திருந்த நீரைத் துடைக்கவும் அதே நேரம் போதும். நடு மாதங்களில் முட்டைகள் கண்ணுக்குத் தெரியவே பெருத்துவந்தன, ஓடு விறைத்துப் பளபளத்தது. அந்தச் சமயத்தில் முட்டைகள் எல்லாமே சேர்ந்து குழி விழுந்தால் ஈரம் போதவில்லை, எடையைப் பாருங்கள். எடை சரியாக இருந்து, ஆறு மாதமும் தாண்டி, சில முட்டைகள் மட்டும் லேசாகச் சுருங்கினால் அது வேறு செய்தி. தண்ணீர் விடாதீர்கள், குஞ்சு வரப்போகிறது.

ஐந்தாம் மாதத்திலேயே தீனி வேலையைத் தொடங்கியிருந்தேன். முட்டையைவிட இதுதான் அவசரம். புதுக் குஞ்சின் வாய்க்குப் பழ ஈயும், அப்போதுதான் பொரிந்த குண்டூசித்தலை அளவு கிரிக்கெட் பூச்சியும்தான் சரிப்படும். பறக்க முடியாத பழ ஈ வகைகள் வளர்ப்புக்கென்றே கிடைக்கின்றன, அவற்றை ஜாடிகளில் பெருக்க வேண்டும். சின்ன இனத்தின் ஜாடியில் ஈ வர இரண்டு வாரம் ஆகும், பெரிய இனத்துக்கு மூன்று நான்கு வாரம். குஞ்சு வெளியே வந்த பிறகு ஜாடி வைத்தால் பயனில்லை. ஒரு ஜாடி திடீரென்று படுத்துவிடும் என்பதால், நாள் தள்ளித் தள்ளி நான்கைந்து ஜாடிகள் ஓட வேண்டும்.

பொரிவதற்கு முதல் நாளோ சில மணி நேரம் முன்போ ஓட்டின்மேல் முத்து முத்தாக வியர்க்கும். அப்புறம் ஒரு முனையில் நட்சத்திர வடிவில் கீறல் விழும். மூக்கு நுனியில் உள்ள முட்டைப்பல்லால் குஞ்சு போடும் கீறல் அது. மூக்கு வெளியே வந்ததும் அப்படியே நின்றுவிடும். மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாள் முழுக்க அசையாமல் இருக்கும். இங்கேதான் கை பரபரக்கும். உதவுகிறேன் என்று ஓட்டைக் கிழிக்கவோ குஞ்சை இழுக்கவோ கூடாது. மிச்ச மஞ்சள்கருவை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. இழுத்தால் அந்தப் பை கிழிந்து குஞ்சு போய்விடும். வெர்மிகுலைட் ஒட்டாமல் இருக்க, வெளியே வந்த குஞ்சுகளை ஈரமான டிஷ்யூ காகிதம் விரித்து மெல்லிய குச்சிகள் சாய்த்த காற்றோட்டமுள்ள டப்பாவுக்கு மாற்றினேன். சுட்டுவிரல் நீளம்தான் இருக்கும், ஆனால் கண்களைத் தனித்தனியாகச் சுழற்றி, வாலைச் சுருட்டி, குச்சியைப் பற்றி ஏறத் தெரிந்தே வருகின்றன.

முதல் முட்டை பொரிந்ததும் மற்றவை அடுத்தடுத்த நாட்களில் வந்தன. பின்தங்கியவற்றை அதே சூட்டில், அதே ஈரத்தில் விட்டுவையுங்கள். வெள்ளையாகவும் விறைப்பாகவும் இருக்கும்வரை அந்த முட்டைக்குக் காலக்கெடு கிடையாது.

ஆணா பெண்ணா என்பது அன்றே தெரிந்துவிடும். பின்னங்கால் குதிகாலில் சின்ன முள் போல ஒரு புடைப்பு இருந்தால் ஆண். அடைச் சூட்டை மாற்றி இதை மாற்ற முடியாது. வெய்ல்டு இனத்தில் பாலினம் மரபணுவில் தீர்மானமாகிறது.

முதல் ஒரு நாள் குஞ்சுகள் பெரும்பாலும் தின்னாது, வயிற்றில் மஞ்சள்கரு இருக்கிறது. இரண்டாம் நாளிலிருந்து சுண்ணாம்புச்சத்துத் தூளில் புரட்டிய பழ ஈக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை விடுகிறேன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அவற்றுக்குத் தெரியாது. இலைமேல் பனி போலத் தெளித்தால் சொட்டை நக்கிக் குடிக்கும். புற ஊதாக் கதிர் தரும் யு.வி.பி. விளக்கு முதல் நாளிலிருந்தே வேண்டும், ஆனால் குளிர்காயும் இடம் 29 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை. இவ்வளவு சின்ன உடம்பு சீக்கிரம் காய்ந்துபோகும். கூண்டும் சின்னதாக இருக்கட்டும், பெரிய கூண்டில் ஈ ஒரு மூலையிலும் குஞ்சு ஒரு மூலையிலுமாக இருந்து பட்டினி கிடக்கும்.

நான்கைந்து குஞ்சுகள் சேர்ந்த சின்னக் கூட்டங்களாக, ஒரே அளவுள்ளவற்றைச் சேர்த்துப் பிரித்திருக்கிறேன். ஒன்றைப் பார்த்து இன்னொன்று கறுத்துப்போனாலோ, ஒன்று மட்டும் எப்போதும் கீழ்க்கிளையிலேயே இருந்தாலோ, வாலில் கடிபட்ட தடம் தெரிந்தாலோ அன்றே தனிக் கூண்டு. இரண்டு மூன்று மாதத்துக்குள் எல்லாமே தனியாகிவிட வேண்டும். தாய்க்கும் ஒரு முட்டைத் தொட்டி தயாராகவே இருக்கட்டும். விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும் இனம் என்பதால், மறுபடி இணை சேராமலே மூன்று நான்கு மாதத்தில் அடுத்த ஈடு கருவுள்ள முட்டைகளை அவள் இட்டுவிடலாம்.